மணிக்கூண்டின் தெற்கு ஓரம்

தீவு
மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். உன் உடம்பு எப்படி? புது வருஷத்துக்கு ஒரு வரி போட்டாய், அதோடு சரி. நகரத்தில் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆயர் அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். நம் தேவாலயத்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார், சுற்றி வந்தார், விரிசலுக்குள் பேனாவை விட்டார். பேனா முழுசாக உள்ளே போய்விட்டது. "மழைக்கு முன்னாடி இதை இறக்கிடணும். இருபது வீட்டுக்கு எதுக்குத் தனியா ஒரு கோயில்? ஞாயித்துக்கிழமை படகேறி கரைக்கு வந்துடுங்க" என்றார்.

"வர்றோம் சார். படகு எதைப் பார்த்து வரும்?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

நீ பதினாறு வயதில் போனவன், உனக்கும் மறந்திருக்கும். தீவைச் சுற்றி மறைபாறை. உள்ளே வர ஒரே ஒரு வழி. கடலிலிருந்து திரும்பும் படகு, நம் மணிக்கூண்டையும், அதற்குப் பின்னால் கரையில் மேட்டு ஊர் தேவாலயத்தின் சிலுவையையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பிடித்தால்தான் பாறைக்கு நடுவில் நுழைய முடியும். நம் படகுகள் மட்டுமா, எதிர்க்கரை மூன்று ஊர்ப் படகுகளும் அப்படித்தான். மழை மூட்டத்தில் இந்த இரண்டு வெள்ளையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

உன் அத்தான் தினமும் வீடு வந்து சேருவது அந்தக் கூண்டை நம்பி. நீ மேஸ்திரி. ஒரு மாதம் லீவு போட்டு வந்து அதை நிறுத்திக் கொடு. சாந்து சுமக்க நான் இருக்கிறேன். இடிக்க விடுவதாக இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


நகரம்
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பது சந்தோஷம். பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

இப்போது லீவு கிடைக்காது. உட்கார்ந்த இடத்தில் வேலை, ஆனாலும் விட்டுவிட்டு வர முடியாது. ஒன்று செய். கண்ணாடித் துண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டு. கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது, அடைத்துவிடலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


தீவு
ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படிக்க எனக்கும் உன் அத்தானுக்கும் ஒரு முழு மாலை ஆயிற்று. முத்து முத்தாக எழுதுகிறவன், இது என்ன கோழி கிறுக்கல்? பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினாயா? அதென்ன உட்கார்ந்த இடத்தில் வேலை? மேஸ்திரி எங்கே உட்காருகிறான்?

கண்ணாடி ஒட்டியாயிற்று. நானே ஏணி வைத்து ஏறினேன். உன் அத்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று அரைமணி நேரம் ஜெபம் சொன்னார். உடைந்த அலமாரிக் கண்ணாடிதான். முகம் பார்க்க வேண்டுமென்றால் இனி மணிக்கூண்டுக்குத்தான் போகவேண்டும்.

பங்கு ஃபாதர் வாரம் ஒருமுறை கரையிலிருந்து வருகிறவர், நல்ல மனுஷன். "எனக்கு மட்டும் ஆசையா அம்மா? மேலிடத்துல சொல்றாங்க" என்கிறார். மேலிடத்துக்கு நான் ஒரு மனு போட்டிருக்கிறேன், மூன்று ஊர்க் கையெழுத்தோடு. நீ வருகிறாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

அக்கா


தீவு
மே 20

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வார்த்தை கேட்டேன், அதையும் காணோம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே சுகம்.

மனுவுக்குப் பதில் வந்தது. தகுதியுள்ள மேஸ்திரி சரி பார்த்து, சுவர் நிற்கும் என்று உறுதி சொன்னால் இடிப்பதைத் தள்ளி வைப்பார்களாம். பார்த்தாயா, பாதி ஜெயித்துவிட்டோம். தகுதியுள்ள மேஸ்திரி நம் வீட்டிலேயே இருக்கிறான்.

கீழே ஒட்டின கண்ணாடி கீறல் விட்டிருக்கிறது. வெயிலில் விட்டிருக்கும். நடுவில் இருந்தது நேற்று இரண்டாகி ஒரு பாதி விழுந்துவிட்டது. ஆடு முட்டியிருக்கலாம். மேலே இருப்பது நன்றாக இருக்கிறது. கொஞ்சம் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிடட்டுமா? அளவை எழுது.

அக்கா


நகரம்
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஏணி வைத்து ஏறும் உயரத்தில் எந்த ஆடு வந்து முட்டும்? அடைக்காதே. மணிக்கூண்டை இறக்கிவிடுங்கள். அதுவரை சுற்றிக் கயிறு கட்டி, கூண்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் யாரையும் நிற்க விடாதே. மேலேயிருந்து கீழாக, ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை. மணியை முதலில் இறக்கு.

உறுதிக் கடிதம் என்னால் தர முடியாது.

தம்பி


தீவு
ஜூன் 10

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

ஆயர் அலுவலகத்தில் உனக்குச் சம்பளம் தருகிறார்களா? அந்த இன்ஜினீயராவது நேரில் வந்து, பேனாவை விட்டுப் பார்த்துச் சொன்னார். நீ அறையில் உட்கார்ந்துகொண்டு நாலு வரியில் இடி என்கிறாய். மழையில் உன் அத்தான் பாறைக்கு வெளியே நின்று வழி தேடும்போது இந்த நாலு வரியை உயர்த்திப் பிடிக்கட்டுமா?

வந்து, உன் கண்ணால் பார்த்து, என் முகத்தைப் பார்த்துச் சொல். இறக்குகிறேன். அதுவரை ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டேன். அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.

அக்கா


நகரம்
ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

அதன் அடியில் உட்காராதே. இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற நேரம் நீ அங்கே உட்கார்ந்திருந்தால், எழுந்து வெளியே போய்ப் படி.

ஜனவரியில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. சுவரில் விரிசல் இருந்தது, கண்ணாடி ஒட்டினேன், உடைந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள் வேலைதானய்யா, ஏறு" என்றார். ஏறினேன். இரண்டாவது மாடியிலிருந்து சுவரோடு வந்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை, கால் சரியாகிவிட்டது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிவிட்டது. விரல் இருக்கிறது, மடங்காது. கரண்டி பிடிக்க முடியாது. சாந்துக் கரண்டியும் சரி, சோற்றுக் கரண்டியும் சரி.

இப்போது அதே கம்பெனியில் வாசலில் காவலாளி. அதுதான் உட்கார்ந்த இடத்தில் வேலை. கோழி கிறுக்கல் என் இடது கை. உன்னிடம் சொன்னால் அடுத்த படகில் கிளம்பி வந்து அழுவாய் என்று சொல்லவில்லை. அம்மா மாதிரி என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் இந்தக் கையோடு வந்து நிற்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

நான் நேரில் வந்து பார்க்கவேண்டிய அவசியம் இல்லை அக்கா. உடைந்த கண்ணாடி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். மணிக்கூண்டை இறக்கு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


தீவு
ஜூலை 28

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து பாதியில் என்னால் முடியவில்லை. உன் அத்தான் வாங்கி மிச்சத்தைப் படித்தார். பிறகு இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்துவிட்டோம்.

ஆறு மாதம்! ஆறு மாதம் அக்காவுக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த சூப்பர்வைசருக்கு நான் தினமும் கொடுக்கும் சாபத்தை ஃபாதர் கேட்டால் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார். நீ நேரில் வந்தால் முதலில் முதுகில் நாலு வைப்பேன். அப்புறம்தான் கையைப் பார்ப்பேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். மணியை இறக்கி, தேவாலய வாசலில் மரச்சட்டத்தில் தொங்கவிட்டோம். நீ சொன்னபடி சுற்றிக் கயிறு கட்டினோம். மூன்றாம் நாள் காலை, நாங்கள் ஏணியைச் சாத்துவதற்கு முன்னாலேயே, மேல் பாதி தானாகச் சரிந்து விழுந்தது. நான் நாற்காலி போட்டிருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் குவியல். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. உள்ளே எல்லாம் உப்பு தின்ற செங்கல், கையில் எடுத்தால் மாவு. நீ சொன்னது சரி. நான் ஏசினது தப்பு.

சரி, கூண்டு போயிற்று. நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. படகுக்கு வேண்டியது மணிக்கூண்டா? அதே இடத்தில் ஒரு வெள்ளை வேண்டும், அவ்வளவுதானே! இரண்டு கழிக்கு நடுவில் படுக்கை விரிப்பைக் கட்டி, ஒவ்வொரு முழமாக உயர்த்தினோம். உன் அத்தான் பாறைக்கு வெளியே படகில் நின்று, தெரிந்தால் சட்டையைக் கழற்றி ஆட்டவேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு ஆள் உயரம் வந்ததும் சட்டை ஆடியது. ஆக, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் போதும்.

ஃபாதரிடம் கேட்டேன். "மணிக்கூண்டு கட்ட அனுமதி கிடையாதும்மா" என்றார்.

"இது சுவர் ஃபாதர்."

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சுவரைப் பத்தி அவங்க ஒண்ணும் எழுதலை" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்துவிட்டார்.

கல்லுக்குக் கவலையில்லை. காலியாகப் போகும் படகு ஆடாமலிருக்க அடியில் கல் போடுவார்களே, மூன்று ஊர்ப் படகுகளும் அதை இங்கே இறக்கிவிட்டுப் போகின்றன. வேலைக்கு நாங்கள் ஆறு பெண்கள். எங்களில் ஒருத்திக்கும் கோழிக்கூண்டு தவிர எதுவும் கட்டத் தெரியாது. உன் கை போனால் போகட்டும், மண்டை இருக்கிறதல்லவா? எழுது. அஸ்திவாரம் முதல் எழுது.

கை ராத்திரியில் வலிக்கிறதா? அதையும் எழுது.

அக்கா


நகரம்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர்ந்தால் வலிக்கும், இல்லையென்றால் இல்லை.

உன் கடிதத்தை வாசல் கூண்டில் உட்கார்ந்து நாலு தரம் படித்தேன். இரண்டு லாரியைக் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு வசவு வாங்கினேன். சிமெண்ட் பையைக் கிழித்து அதன் பின்னால் படம் போட்டு வைத்திருக்கிறேன், மடித்து இதோடு அனுப்புகிறேன். இடது கைப் படம், கோடு கொஞ்சம் குடித்திருக்கும். பொறுத்துக்கொள்.

கடற்கரை மணலை எடுக்கவே எடுக்காதே, கிணற்றுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் தொடாதே. கூண்டைத் தின்றது உப்புதான். பாறை தட்டும் வரை தோண்டு. அடியில் அகலம், மேலே போகப் போக ஒல்லி. உருண்டைக் கல்லை உடைத்துத் தட்டையாக்கி வை. இரண்டு முழத்துக்கு ஒரு நீளக் கல்லைச் சுவரின் குறுக்கே படுக்க வை. பின்பக்கம் இரண்டு முட்டு கொடு. ஒரு நாளைக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் எடுக்காதே. ஆசையாகத்தான் இருக்கும், எடுக்காதே.

கூண்டு பன்னிரண்டு அடி அகலம். சுவருக்கு அவ்வளவு வேண்டாம். கல்லும் மிச்சம், சுவரில் காற்று மோதுவதும் குறையும். ஆறடி போதும், பழைய கூண்டின் சரி நடுவில் வை. உங்களில் கண் நேராக இருக்கிறவள் யார்? சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டை அவளிடம் கொடு.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எழுது.

தம்பி


தீவு
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் அத்தானுக்கு நெற்றியில் நாலு தையல்.

சுவர் எழும்பியது. வெள்ளை அடித்தோம். ஆறு பேரும் அதன் முன்னால் நின்று மணப்பெண் மாதிரி சிரித்தோம். போன செவ்வாய்க்கிழமை தூறல். உன் அத்தான் முதல் ஆளாக, நம் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். படகு பாறையில் ஏறி அடிப்பலகை பிளந்துவிட்டது. இரண்டு பேர் நீந்திப் போய்த்தான் படகைக் கரைக்கு இழுத்தார்கள்.

ஏன் என்று கேள். கூண்டும் சிலுவையும் ஒன்றாகச் சேரவேண்டும் என்றுதான் நாங்கள் ஆறு பேரும் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறோம். சேரவேண்டியது நடுவில் இல்லையாம்! கூண்டின் தெற்கு ஓரத்தில் சிலுவை உரசிக்கொண்டு நிற்கவேண்டுமாம். இவர் பழக்கத்தில் வெள்ளையின் தெற்கு ஓரத்தில் சிலுவையை வைத்திருக்கிறார். நம் சுவரின் ஓரம் மூன்றடி உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே மூன்றடி என்றால் அங்கே பாறை.

"இத்தனை நாளா வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

தலையில் கட்டோடு, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

சுக்கான் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தியும் ஒருநாளும் பிடித்ததில்லை. எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை.

இப்போது ஊரில் என் பெயர் சுவர்க்காரி. சொல்லிவிட்டுப் போகட்டும். தெற்கு ஓரம் பழைய இடத்துக்கு வரவேண்டும். ஒட்டுப் போடலாமா, பிரித்து எடுக்கவேண்டுமா? மழைக்கு நாள் அதிகம் இல்லை. உடனே எழுது.

அக்கா


நகரம்
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குக் காயம் ஆறிவிட்டதா? நடுவில் வை என்று எழுதியது நான். இடத்தைப் பார்க்காமல், படகில் வருகிறவனைக் கேட்காமல், வாசல் கூண்டில் உட்கார்ந்து மேஸ்திரி வேஷம் போட்டேன். கை போனபோதே தொழிலும் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. கரையில் நல்ல மேஸ்திரி யாரையாவது பார். யார் சொல்லிக் கட்டினது என்று கேட்டால் தயவுசெய்து என்னைச் சொல்லாதே. இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

தம்பி

பி.கு. ஒட்டுப் போடாதே, நிற்காது. தெற்கு முனையிலிருந்து படிக்கட்டு மாதிரி பிரி, மேலே அதிகம், கீழே குறைவாக. ஒவ்வொரு படியிலும் ஒரு கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், புதுக் கல் அதைக் கவ்வும். அஸ்திவாரத்தையும் மூன்றடி நீட்டு. பழைய சாந்தைச் சுரண்டி, நனைத்துவிட்டு வை. இந்தத் தடவை சுவர் எடுப்பதற்கு முன் ஓரத்தில் கழி நட்டு, அத்தானைப் படகில் அனுப்பி, அவர் சரி என்ற பிறகு முதல் கல் வை. வெள்ளையை மூன்று கை அடி. மூன்றாவது முட்டு ஒன்றும் தெற்கில் கொடு.


தீவு
நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் சுகம். தையல் பிரித்தாயிற்று, தழும்பு அவருக்கு ஒரு களையாகத்தான் இருக்கிறது.

நீ நாலு வரியில் தொழில் போயிற்று என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே எட்டு வரி வேலை சொல்லியிருந்தாய். நான் கீழே இருப்பதைத்தான் படித்தேன்.

கழி நட்டோம். உன் அத்தான் மட்டுமில்லை, மூன்று ஊர்ப் படகுகளும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஆளாளுக்குக் கத்தி, கடைசியில் ஒரே இடத்தில் ஒத்துப்போனார்கள். நானும் படகில் போய் நின்று பார்த்தேன். சிலுவை உரசுவது என்றால் என்ன என்று இப்போது எனக்கும் தெரியும். பிரித்தோம், எடுத்தோம், வெள்ளை மூன்று கை அடித்தோம். மூன்றாவது கை காய்ந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

போன வெள்ளிக்கிழமை மதியம் வானம் அப்படியே இறங்கி வந்துவிட்டது. பத்தொன்பது படகுகள் வெளியே. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். இந்தத் தடவையும் தப்பாகியிருந்தால் பத்தொன்பது வீட்டுக்கு நான் பதில் சொல்லவேண்டும். முதல் படகு தெரிந்தது. பாறை வாயில் கொஞ்சம் நின்றது. நேராக உள்ளே வந்தது. அதன் பின்னால் அடுத்தது. எல்லாம் வந்து சேர்ந்தன தம்பி, ஒரு பலகைகூட உரசவில்லை. உன் அத்தான் கடைசியாக வந்தார். இறங்கி, சுவரைப் போய் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

நேற்று அந்த இன்ஜினீயர் வந்தார். சுவரைச் சுற்றினார், முட்டுச் சுவரைக் காலால் தட்டினார், பேனாவை விட இடம் தேடினார், கிடைக்கவில்லை. தேவாலயத்தைப் பூட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை. மேட்டு ஊர்க்காரர்களும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் தேவாலயத்து முகப்பிலும் விரிசல் விழுகிறதாம். அந்தச் சிலுவை போனால் நம் சுவர் இருந்து என்ன பிரயோஜனம்?

"யாரும்மா மேஸ்திரி?" என்று கேட்டார் இன்ஜினீயர்.

"என் தம்பி" என்றேன். சொல்லாதே என்று எழுதியிருந்தாய், சொல்லிவிட்டேன்.

மேட்டு ஊர்க்காரர் ஒருவர், "அவருக்குக் கை முடியாதுன்னு சொன்னாங்களே" என்று இழுத்தார்.

உன் அத்தான் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கை எங்ககிட்ட நிறைய இருக்கு. அதை வெச்சுத்தான் முதல்ல படகைப் பாறையில ஏத்தினோம். எங்களுக்கு வேண்டியது மேஸ்திரி" என்றார்.

இன்ஜினீயர் நோட்டை எடுத்துக்கொண்டு, "இப்ப அவர் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"வந்துகிட்டே இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

கோயில் வாசலில் நின்று சொன்னது. அக்காவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, கிளம்பு.

அக்கா